கூட்டத்தில் சம்மதம், வெளியே மறுப்பு: ஒரு குழுத்தலைவரின் கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் புதிதாகத் தலைமையேற்றிருக்கிறீர்கள். கூட்டத்தில் திட்டத்தை முன்வைத்துக் கருத்துக் கேட்டால் எல்லோரும் சரி என்கிறார்கள். வேலை பாதியில் சிக்கிக்கொண்ட பிறகு, இது ஓடாது என்று முன்பே தெரியும் என அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது உங்கள் காதுக்கு வருகிறது. சமூக உளவியலைப் படித்தால் இதைச் சரிசெய்ய முடியுமா, அந்தத் துறையின் ஆய்வுகளில் எவற்றை நம்பலாம், எவற்றை நம்பக் கூடாது என்று கேட்கிறீர்கள். ஆய்வகத்தில் கண்டது அலுவலகத்துக்குப் பொருந்துமா என்ற ஐயமும் உங்களுக்கு இருக்கிறது. இந்தக் கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. குறை அவர்களுடைய சுபாவத்திலா, உங்களிடமா, அல்லது அந்தக் கூட்டம் நடக்கும் விதத்திலா? நான் சமூக உளவியலில் பயிற்சி பெற்று, நிறுவனங்களில் இயங்கும் குழுக்களோடு பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அதை வைத்துச் சொல்வதானால், பெரும்பாலும் கூட்டம் நடக்கும் விதத்தில்தான் குறை இருக்கும். அந்த விதத்தைத் தீர்மானிப்பதில் மற்ற எவரையும்விட உங்களுக்கே அதிகப் பங்கு உண்டு.

பிறருடைய நடத்தைக்குக் காரணம் தேடும்போது நாம் சூழலைக் குறைத்தும் சுபாவத்தைக் கூட்டியும் மதிப்பிடுகிறோம். எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் ஆகிய இருவரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் நின்று எழுதுவது என்பது எழுதியவருக்கு விதிக்கப்பட்டது, அவராகத் தேர்ந்தெடுத்ததன்று எனச் சொல்லிய பிறகும், ஆதரித்து எழுதியவர் மனத்தளவிலும் ஓரளவு ஆதரவாளராகவே இருப்பார் என்று படித்தவர்கள் கணித்தார்கள். காரணம் கற்பிப்பதில் நேரும் இந்தச் சாய்வை ஓர் அடிப்படைப் பிழை என்று லீ ராஸ் 1977-இல் பெயரிட்டு விளக்கினார். உங்கள் குழுவினரைத் துணிச்சலற்றவர்கள் என்று எண்ணத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அறையைவிட்டு வெளியே வந்த பத்தே நிமிடத்தில் அதே மனிதர்கள் திட்டத்தின் ஓட்டைகளைத் தெளிவாக எடுத்துச் சொல்கிறார்கள் என்றால், அவர்களிடம் கருத்தும் இருக்கிறது, அதைச் சொல்லும் திறமையும் இருக்கிறது. அறைக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுதான் அதை அடக்குகிறது. இதே சாய்வு எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். வேறொரு கெடுவின் நெருக்கடியில் நீங்கள் ஒருவருக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னால், உங்கள் நெருக்கடி அவருக்குத் தெரியாது. மறுப்பை விரும்பாதவர் என்று அவர் உங்கள் சுபாவத்தைப் பற்றி முடிவெடுத்துவிடுவார்.

அறைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு இந்தத் துறை தரும் மிக உறுதியான விளக்கம் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனைகளிலிருந்து வருகிறது. ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மற்ற மூன்றில் எது என்று கேட்பார்கள். தனியாக இருக்கும்போது யாரும் ஏறக்குறையத் தவறே செய்யாத அளவுக்கு எளிதான வேலை. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆஷுடைய ஆட்கள். முன்னேற்பாட்டின்படி சில சுற்றுகளில் ஒரே தவறான விடையை அடுத்தடுத்துச் சொல்வார்கள். அந்தச் சுற்றுகளில் உண்மையான பங்கேற்பாளர்கள் தந்த விடைகளில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவை பெரும்பான்மையின் தவற்றையே பின்பற்றின. ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது அப்படிப் பின்பற்றினார்கள். இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிட்டு, மனிதர்கள் மந்தைகள் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம் தரும் வாசிப்பு. மூன்றில் இரண்டு பங்கு விடைகள் சரியானவை என்பதும், கால்வாசிப் பேர் ஒருமுறைகூட வளையவில்லை என்பதும் அதே தரவுகளில்தான் இருக்கின்றன.

குழுத்தலைவர் ஒருவருக்குப் பயன்படக்கூடியது ஆஷ் அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள்தான். சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்தால் போதும், பெரும்பான்மையைப் பின்பற்றுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. பெரும்பான்மையோடு சேராத அந்த ஒருவர் சொன்னதும் தவறுதான் என்றாலும், அது பெரும்பான்மையின் தவற்றிலிருந்து வேறுபட்டதாக இருந்தால், அப்போதும் பங்கேற்பாளருக்கு விடுதலை கிடைத்தது. துணையாக இருந்தவர் பாதியில் பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்துவிட்டால் பழைய நிலை திரும்பியது. விடையை வாய்விட்டுச் சொல்லாமல் தனியாக எழுதித் தரச் சொன்னபோது வளைந்துகொடுப்பது வெகுவாகக் குறைந்தது. சோதனைக்குப் பின் கேட்டபோது, தங்கள் கண்ணையே சந்தேகித்ததாகச் சிலரும், பெரும்பான்மை சொன்னது தவறு என்று தெரிந்தும் தனித்துத் தெரிய விரும்பவில்லை என்று சிலரும் சொன்னார்கள். இந்த இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். உங்கள் குழுவில் புதியவர் ஒருவர் உங்கள் அனுபவத்தை மதித்துத் தன் கணிப்பைச் சந்தேகிக்கலாம். அவருக்குத் தேவை தகவலும் உறுதிப்பாடும். மூத்தவர் ஒருவர் திட்டம் தவறு என்று நன்றாகத் தெரிந்தே மௌனமாக இருக்கலாம். அவருக்குத் தேவை, பேசினால் விலை கொடுக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை. இருவருக்கும் ஒரே மருந்து பலிக்காது.

ஆய்வகத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. இந்த விஷயத்தில் அந்தத் தூரம் சாதகமான திசையில் இல்லை. ஆஷின் அறையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள், சமமானவர்கள். யாருடைய சம்பள உயர்வும் யாருடைய கையிலும் இல்லை. கோட்டின் நீளமோ கண்முன் தெளிவாக இருந்தது. அலுவலகத்தில் விடை தெளிவற்றது; பேசுபவரின் ஆண்டு மதிப்பீட்டை எழுதப்போகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்; நாளையும் அதே முகங்களோடு வேலை செய்தாக வேண்டும். ஆகவே வளைந்துகொடுக்கும் அழுத்தம் ஆய்வகத்தில் இருந்ததைவிட அலுவலகத்தில் அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே பொருத்தம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராட் பாண்ட், பீட்டர் ஸ்மித் ஆகியோர் 17 நாடுகளில் நடந்த 133 ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, கூட்டு வாழ்க்கைக்கு அதிக மதிப்புத் தரும் சமூகங்களில் ஒத்துப்போகும் அளவு கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் 1950-களுக்குப் பிறகு அது குறைந்துவந்தது. மூன்றில் ஒன்று என்ற எண்ணை ஒரு மாறாத விதியாக யாரும் உங்களிடம் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். திசை உறுதியானது, அளவு இடத்துக்கு இடம் மாறும்.

உங்கள் நிலைமைக்குப் பொருந்துகிற இன்னொரு செயல்முறையும் உண்டு. எட்டுப் பேருக்கும் தனித்தனியே ஐயம் இருக்கிறது. ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரின் மௌனத்தைச் சம்மதம் என்று படிக்கிறார்கள். அதனால் தானும் மௌனமாகிறார்கள். உள்ளுக்குள் யாரும் ஏற்றுக்கொள்ளாத ஒரு முடிவு எல்லோருடைய ஒப்புதலோடும் நிறைவேறிவிடுகிறது. பொறுப்பு பரவிக் கரைவதும் இதனுடன் சேர்ந்துகொள்ளும். ஜான் டார்லி, பிப் லட்டானே ஆகியோரின் 1968-ஆம் ஆண்டுச் சோதனையில், உள்தொடர்புக் கருவி வழியே பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல் கேட்கும். தான் மட்டுமே அதைக் கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடிப் புறப்பட்டார்கள். இன்னும் நால்வர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதம் பேரே புறப்பட்டார்கள். இந்த ஆய்வுக்குத் தூண்டுதலாக அமைந்த 1964-ஆம் ஆண்டு நியூயார்க் கொலையில் 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்ற செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னர் தெளிவாயிற்று. சோதனையின் முடிவு அந்தச் செய்தியைச் சார்ந்து நிற்கவில்லை. எட்டுப் பேருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பி, ஏதாவது சிக்கல் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது, யாரிடமும் கேட்காததற்கு வெகு அருகில் இருக்கிறது. தரவு மாற்றத்தில் உள்ள சிக்கல்களை நீங்கள் பாருங்கள், வாடிக்கையாளர் தரப்புச் சிக்கல்களை நீங்கள் பாருங்கள் என்று ஆளுக்கொரு பகுதியைப் பெயர் சொல்லி ஒப்படைத்தால் விடை வரும்.

மேலதிகாரியின் அருகாமை என்ன செய்யும் என்பதற்கு ஆய்வகத்துக்கு வெளியே கிடைத்த மிகக் கொடிய சான்றுகள் விமானத் துறையில் இருக்கின்றன. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனியில், கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானமும் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 747 விமானமும் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தருபவர். மிகுந்த மதிப்புப் பெற்றவர். அனுமதி கிடைக்கும் முன்பே அவர் வேகத்தைக் கூட்டத் தொடங்கியபோது துணை விமானி ஒருமுறை சுட்டிக்காட்டினார், அவரும் நிறுத்திக்கொண்டார். இரண்டாவது முறை, புறப்படுவதற்கான தெளிவான அனுமதி இல்லாமலே விமானம் ஓடத் தொடங்கியபோது, துணை விமானி தடுக்கவில்லை. விமானப் பொறியாளர் மட்டும், பான் ஆம் விமானம் இன்னும் பாதையைவிட்டு விலகவில்லையா என்று ஐயத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகப் பதில் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே யுனைட்டெட் நிறுவன விமானம் ஒன்று, சக்கரக் கோளாறைப் பற்றித் தலைமை விமானி ஆராய்ந்துகொண்டிருந்த நேரத்தில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் அறிந்திருந்தார்கள், சொல்லவும் செய்தார்கள். விமானியின் கவனத்தைத் திருப்பும் அளவுக்கு அழுத்தமாகச் சொல்லவில்லை.

இவற்றுக்குப் பின் 1979-இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து விமானக் குழுக்களுக்கான ஒரு பயிற்சி முறை வளர்ந்தது. அதை உருவாக்குவதில் ராபர்ட் ஹெல்ம்ரைக் போன்ற சமூக உளவியலாளர்கள் பங்கேற்றார்கள். யுனைட்டெட் நிறுவனம் 1981-இல் அதைத் தொடங்கியது. அந்தப் பயிற்சியின் வடிவத்தில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. கீழே இருப்பவருக்குத் தைரியம் ஊட்டுவதோடு அது நிற்கவில்லை. ஐயத்தை எந்த வாசகத்தில், எத்தனை முறை, எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று கீழே இருப்பவருக்கும், அதைக் கேட்டவுடன் என்ன செய்ய வேண்டும் என்று மேலே இருப்பவருக்கும் ஒருசேரக் கற்றுக்கொடுத்தது. பேசுவது தனிப்பட்ட துணிச்சலாக இருந்த நிலை மாறி, வேலையின் ஒரு பகுதியாயிற்று. இந்தப் பயிற்சி விமானிகளின் மனப்பான்மையையும் பயிற்சிக் கூடத்தில் அவர்களுடைய நடத்தையையும் மாற்றியது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. விபத்துகள் குறைந்ததில் இதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அதே காலத்தில் இயந்திரங்களும் எச்சரிக்கைக் கருவிகளும் பெரிதும் மேம்பட்டன.

பணியிடக் குழுக்களைப் பற்றி நேரடியாக ஆராய்ந்தவர்களில் ஏமி எட்மண்ட்சன் முக்கியமானவர். மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை அவர் 1990-களில் ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்ல உறவும் கொண்ட பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகள் அந்தப் பிரிவுகளில்தான் அதிகமாக இருந்தன. அங்கே பிழைகளை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம் என்று அவர் முடிவுக்கு வந்தார். 1999-இல், ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து, குழுவில் உளவியல் பாதுகாப்பு என்ற கருத்தை அவர் வரையறுத்தார்: ஐயம் கேட்டாலோ, பிழையை ஒப்புக்கொண்டாலோ, மறுத்துப் பேசினாலோ தான் அவமானப்படுத்தப்பட மாட்டேன் என்று அந்தக் குழுவில் இருப்பவர்கள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கை. இந்த நம்பிக்கை உள்ள குழுக்கள் அதிகம் கற்றுக்கொள்கின்றன, அதன் வழியாகச் சிறப்பாகச் செயல்படுகின்றன என்ற தொடர்பு பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிந்திருக்கிறது. இருந்தாலும் இவற்றில் பெரும்பாலானவை கருத்துக்கணிப்பு வகை ஆய்வுகள். பாதுகாப்பு உணர்வு நல்ல செயல்பாட்டைத் தருகிறதா, நன்றாகச் செயல்படும் குழுவில் பாதுகாப்பு உணர்வு தானாக வளர்கிறதா என்பதை அவை முழுமையாகப் பிரித்துக்காட்டுவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது என் கணிப்பு. இதை எல்லோரிடமும் இனிமையாக நடந்துகொள்வது என்று புரிந்துகொள்வதும் தவறு. இனிமை கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே மறுப்பை விழுங்குகிற குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பாதுகாப்பு இல்லை, நாகரிகம் மட்டுமே இருந்தது.

இனி நீங்கள் செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். உங்கள் கருத்தை முதலில் சொல்லாதீர்கள். தலைவர் தொடக்கத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், அதற்குப் பின் கேட்கப்படும் எல்லாக் கருத்துகளும் அந்தச் சாய்வைச் சுற்றியே அமையும். ஒரு முக்கியமான முடிவுக்கு முன், ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்ததையும் தங்கள் ஐயத்தையும் சில வரிகளில் எழுதி, மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கும் முன்பே, உங்களிடம் தந்துவிடட்டும். எழுதுவது வளைந்துகொடுப்பதைக் குறைக்கிறது என்பதை ஆஷின் சோதனை காட்டியது. எழுத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. கரோல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் ஆகியோர் 1985-இல் காட்டியபடி, குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த தகவலையே திரும்பத் திரும்பப் பேசுகின்றன. ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல், முடிவையே மாற்றக்கூடியதாக இருந்தாலும், மேசைக்கு வராமலே போய்விடுகிறது. பின்னர் வந்த ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. எனவே, உங்களுக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடியது என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்பது, உங்கள் கருத்து என்ன என்று கேட்பதைவிடப் பலன் தரும்.

கேள்வியின் அமைப்பையும் மாற்றுங்கள். ஆட்சேபம் ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு மௌனமே எளிதான விடை. அதற்குப் பதிலாக, ஆறு மாதம் கழித்து இந்தத் திட்டம் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம், எதனால் தோற்றிருக்கும் என்று எழுதுங்கள் எனக் கேட்டால், குறை சொல்வதே அந்த நேரத்தின் வேலையாகிவிடுகிறது. கேரி க்ளைன் பரவலாக்கிய இந்த முறையை நான் பல குழுக்களில் பயன்படுத்தியிருக்கிறேன். முன்பு பேசாதவர்களைப் பேசவைக்கிறது என்று என் அனுபவத்தில் சொல்வேன். முடிவுகளின் தரத்தை இவ்வளவு சதவீதம் உயர்த்துகிறது என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். ஒருவரை எதிர்க்கட்சியாக நியமித்து மறுக்கச் சொல்வது இதைவிட வலுவற்றது. சார்லன் நெமத்தும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2001-இல் வெளியிட்ட சோதனைகளில், உண்மையாகவே மாறுபட்ட கருத்துடையவர் பேசும்போது கேட்பவர்களின் சிந்தனை விரிந்தது. வேடமேற்று மறுப்பவர் பேசும்போது அவர்கள் தங்கள் பழைய நிலைப்பாட்டுக்கே மேலும் காரணங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் குழுவில் உண்மையாகவே மாறுபடுகிறவர் யார் என்று கண்டுபிடித்து, அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நியமனத்தைவிட மேலானது.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் வலியுறுத்துவது, முதல் கெட்ட செய்தி வரும்போது நீங்கள் காட்டும் எதிர்வினையை. கதவு திறந்திருக்கிறது, எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று எத்தனை முறை அறிவித்தாலும், குழு நம்புவது அறிவிப்பை அன்று. முதலில் பேசியவருக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் எட்டுப் பேரும் கவனித்து நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் கெடுவுக்குள் முடியாது என்று சொல்லும்போது உங்கள் முகம் சுருங்கினாலோ, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்பது உங்கள் முதல் வாக்கியமாக இருந்தாலோ, அந்த ஒரு நிமிடம் பல மாதங்களுக்கு நிற்கும். இப்போது சொன்னது நல்லது, உங்கள் கணிப்பு எதை வைத்து என்று கேளுங்கள். ஏன் தாமதமாயிற்று என்ற விசாரணை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இரண்டாவது உரையாடலாக, தனியாக நடக்கட்டும். ஏற்க முடியாத யோசனை வந்தால், ஏற்காததற்கான காரணத்தை, யோசனை சொன்னவரிடமே விளக்குங்கள். விளக்கத்தின் வலிமைக்கு ஜெரால்ட் கிரீன்பெர்க்கின் 1990-ஆம் ஆண்டு ஆய்வு ஒரு நல்ல சான்று. ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் 10 வாரங்களுக்கு 15 சதவீதச் சம்பளக் குறைப்பு நடந்தது. ஒன்றில் காரணங்களை விரிவாக, உண்மையான வருத்தத்தோடு விளக்கினார்கள், மற்றொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டார்கள். அந்த வாரங்களில் பொருட்கள் திருடுபோவது சுருக்கமாக அறிவித்த தொழிற்சாலையில்தான் மிக அதிகமாயிற்று. இழப்பு இரண்டு இடத்திலும் ஒன்றே. முடிவு தனக்கு எதிராக இருந்தாலும் அது எடுக்கப்பட்ட முறை நியாயமானது என்று தோன்றினால் மனிதர்கள் பெருமளவுக்குத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது, இந்தத் துறையில் எனக்கு அதிக நம்பிக்கையுள்ள கண்டுபிடிப்புகளில் ஒன்று.

நம்பக் கூடாதவற்றையும் கேட்டிருந்தீர்கள். 2015-இல் ஒரு பெரிய ஆய்வாளர் குழு, உளவியலின் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முறைப்படி குறிப்பிடத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவு தந்திருந்தன; திரும்பச் செய்தபோது 36 சதவீதமே அப்படித் தந்தன; அவற்றில் சமூக உளவியல் ஆய்வுகளின் நிலை சராசரியைவிட மோசமாக இருந்தது. எனவே மேலாண்மைப் பயிற்சிகளில் இன்றும் சொல்லப்படும் சிலவற்றை ஒதுக்கிவிடுங்கள். கூட்டத்துக்கு முன் இரண்டு நிமிடம் கைகால்களை அகல விரித்து நின்றால் உடலின் சுரப்புகள் மாறித் துணிவு வரும் என்ற 2010-ஆம் ஆண்டு முடிவு, பெரிய அளவில் திரும்பச் செய்தபோது நிற்கவில்லை. அந்த ஆய்வின் முதன்மை ஆசிரியரே 2016-இல் அதைக் கைவிட்டார். மன உறுதி என்பது செலவழிந்து தீரும் ஒரு சேமிப்பு என்ற கருத்து, பல ஆய்வகங்கள் சேர்ந்து 2016-இல் நடத்திய சோதனையில் ஏறக்குறைய விளைவே காட்டவில்லை. பதவி கிடைத்தால் எவரும் கொடுமைக்காரராகிவிடுவார் என்பதற்கு மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த 1971-இன் ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே குறிப்புகள் தரப்பட்டதை ஆவணங்கள் காட்டிவிட்டன. குழுச் சிந்தனை என்று இர்விங் ஜானிஸ் 1972-இல் விவரித்த கருத்து இடைநிலையானது. ஒற்றுமையை விரும்பும் குழு மாற்று வழிகளை ஆராயாமல் விடுகிறது என்ற அவருடைய கவனிப்பு பயனுள்ளது. அவர் வரைந்த முழு மாதிரி, இன்னின்ன காரணங்கள் சேர்ந்தால் இன்னின்ன விளைவு என்ற வடிவில், சோதனைகளில் சீராக உறுதிப்படவில்லை.

என் பதிலின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் குழுவை நான் பார்க்கவில்லை. எட்டுப் பேர் ஏன் பேசவில்லை என்பதைத் தொலைவிலிருந்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இங்கே நான் சொன்னவை எல்லாம், பேசினால் உண்மையில் தீங்கு நேராது, அப்படி நேரும் என்ற அச்சம் மட்டுமே இருக்கிறது என்ற அனுமானத்தின்மேல் நிற்கின்றன. உங்களுக்கு முன்பிருந்த தலைவர் மறுத்துப் பேசியவரை வேறு பிரிவுக்குத் தூக்கி அடித்திருந்தாலோ, ஆட்குறைப்பு நடக்கப்போகிறது என்று நிறுவனத்தில் பேச்சு இருந்தாலோ, அவர்களுடைய மௌனம் சூழலைச் சரியாகப் படித்ததன் விளைவு. அப்போது கூட்டத்தின் வடிவத்தை மாற்றுவதால் பயனில்லை. மதிப்பீடும் பதவி உயர்வும் எதை வைத்துத் தரப்படுகின்றன என்பதை உங்கள் அதிகார எல்லைக்குள் மாற்ற முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். மாற்ற முடியாது என்றால், எல்லாம் பாதுகாப்பானது என்ற பொய்யான உறுதியைத் தராதீர்கள். உங்களை நம்பிப் பேசியவர் அதன் விலையைக் கொடுப்பார். பெயர் குறிப்பிடாத கருத்துக்கணிப்பு நடத்தலாமா என்று எண்ணினால், எட்டுப் பேர் குழுவில் எழுத்து நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர்களுக்கும் தெரியும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

மாற்றம் நடக்கத் தொடங்கினால் அது முதலில் கெட்ட செய்தியாகவே வெளியே தெரியும். எட்மண்ட்சனின் மருத்துவமனைப் பிரிவுகளில் நடந்தது போல, இதுவரை மறைந்திருந்த தாமதங்களும் பிழைகளும் பட்டியலில் ஏறும். உங்கள் பொறுப்பில் வந்த பிறகு குழு சீரழிந்துவிட்டது என்று மேலிடம் நினைக்கக்கூடும். ஆகவே இதைத் தொடங்கும் முன்பே உங்கள் மேலதிகாரியிடம், அடுத்த சில மாதங்களில் பதிவாகும் சிக்கல்களின் எண்ணிக்கை கூடும், அதை எதிர்பார்த்தே செய்கிறேன் என்று சொல்லி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயலவும் வேண்டாம். அடுத்து வரவிருக்கும் ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்பே எழுதித் தருவது, நீங்கள் கடைசியில் பேசுவது ஆகிய இரண்டை மட்டும் செய்து பாருங்கள். முதலில் மறுத்து எழுதியவரின் பெயரை அவருடைய அனுமதி இல்லாமல் கூட்டத்தில் சொல்லாதீர்கள்.